இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் ஊடகத் தொடர்பு: முதல் செய்திக்குறிப்பு முதல் நெருக்கடி நாள் வரை

இயற்கைப் பாதுகாப்புத் தொண்டு அமைப்பில் ஊடகத் தொடர்பு வேலைக்கு வருபவர்களில் சிலருக்கு எழுத்து கைவந்திருக்கும், காடு தெரியாது. சிலருக்குக் காடு தெரியும், செய்தி அறை எப்படி இயங்குகிறது என்று தெரியாது. இரு சாராரும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: வந்த வாரமே செய்திக்குறிப்பு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுதுவது இந்த வேலையில் நடுவில்தான் வரும். அதற்கு முந்தைய படிகளை விட்டுவிட்டால், செய்தி முதல் பக்கத்தில் வந்தாலும் அது பேசும் விலங்குக்கோ அதன் பக்கத்தில் வாழும் மக்களுக்கோ கேடு வந்து சேரலாம். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

1. எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதிக் கடிதங்களைப் படியுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஆய்வு செய்யவும் தானியங்கி கேமரா பொருத்தவும் அரசுத் துறை தரும் அனுமதியில், படத்தையும் தரவையும் வெளியிட முன் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதுண்டு. அதை மீறினால் அடுத்த பருவத்துக் களப்பணியே நின்றுபோகலாம். நிதி தருபவர்களோடு போட்ட ஒப்பந்தங்களிலும் இப்படி ஒரு பத்தி இருக்கும். அதையும் தேடிப் படியுங்கள்.

அடுத்தது, பேசுபவர்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு பேரை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும் போதாது. கள ஆய்வாளர் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கும் நாளில்தான் தொலைபேசி அடிக்கும். இருவரில் ஒருவராவது அந்தப் பகுதி மக்களின் மொழியைச் சரளமாகப் பேசுபவராக இருக்கட்டும். தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் அது இல்லாமல் முடியாது.

மூன்றாவது, உண்மைத் தாள். நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு பக்கம் போதும். சரியான பெயர், எங்கே வாழ்கிறது, என்ன உண்கிறது, என்ன ஆபத்து, எண்ணிக்கை பற்றி உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு, அதை யார் எந்த ஆண்டில் கணக்கிட்டார்கள் என்பவை இருக்க வேண்டும். அமைப்பின் அறிவியல் பொறுப்பாளர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். இரவில் அழைக்கும் நிருபருக்கு நினைவிலிருந்து எண் சொல்லும் பழக்கத்தை இந்தத் தாள்தான் தடுக்கும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பல நாடுகளில் தொண்டு அமைப்புகள் கட்சி அரசியலில் இறங்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஒரு கொள்கையை விமர்சிப்பதும் ஒரு கட்சியை ஆதரிப்பதும் எங்கே பிரிகின்றன என்பதை அமைப்பின் வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

2. முதல் கேள்வி: இது வெளியே போனால் யாருக்குக் கேடு?

ஒவ்வொரு செய்திக்கும், ஒரு வரி எழுதும் முன்பே, இந்தக் கேள்வியைக் கள ஆய்வாளரிடம் கேளுங்கள். புதியவர்கள் மிக அதிகமாக விட்டுவிடும் படி இதுதான். நல்ல செய்தி கிடைத்த உற்சாகத்தில் இடத்தின் பெயரையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள்.

தென்கிழக்குச் சீனாவில் வாழும் ஒரு குகைப் பல்லி இனத்தை 1999இல் அறிவியலாளர்கள் முதன்முறையாக விவரித்தார்கள். கிடைத்த இடமும் கட்டுரையில் இருந்தது. செல்லப்பிராணி வணிகத்துக்குப் பிடிப்பவர்கள் அந்த இடத்தைத் தேடிப்போய் வாரிக்கொண்டு வந்துவிட்டார்கள். புதிய ஊர்வன இனங்களை விவரிக்கும்போது துல்லியமான இடத்தை மறைக்கலாமா என்ற விவாதம் அறிவியலாளர்களிடையே வலுத்ததற்கு இப்படிப்பட்ட சம்பவங்களே காரணம். ஆய்விதழைவிடப் பல மடங்கு பேர் படிப்பது உங்கள் செய்திக்குறிப்பு.

மறைக்க வேண்டியது ஊர்ப் பெயர் மட்டும் என்று நினைக்காதீர்கள். பறவை கூடு கட்டும் மரம், குட்டி ஈன்ற குகை, மீன் முட்டையிடும் ஓடை, ஆர்க்கிட் பூக்கும் சரிவு எல்லாம் இதில் சேரும். வேட்டைக்காரர் வராத இடத்துக்கும் படமெடுப்பவர்கள் கூட்டமாக வருவார்கள். அடைகாக்கும் பறவை ஆள் நடமாட்டத்தில் எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் காய்ந்துவிடும், அல்லது குளிர்ந்துவிடும். காகங்களுக்கும் கூட்டைக் காட்டிக்கொடுத்தது போலாகும்.

எவ்வளவு தெளிவாக இடத்தைச் சொல்லலாம் என்பதை மாவட்டம், மலைத்தொடர், மாநிலம் என்று ஏதாவது ஓர் அளவில் ஆய்வாளரோடு பேசி முடிவு செய்து, அதே அளவை எல்லாரும் பின்பற்றுங்கள். குறிப்பில் மாவட்டம் என்று எழுதிவிட்டு, பேட்டியில் ஆய்வாளரே ஆற்றின் பெயரைச் சொல்லிவிட்டால் பயனில்லை. நிருபர் வற்புறுத்தினால் காரணத்தைத் திறந்து சொல்லுங்கள். "அங்கே கூடு இருக்கிறது, ஆட்கள் போனால் கைவிட்டுவிடும்" என்று சொன்னால் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள். காரணம் சொல்லாமல் மழுப்பினால்தான் வேறு வழியில் தேடுவார்கள்.

விலங்கு மட்டுமல்ல, ஆட்களும் உண்டு. கடத்தல் பற்றித் துப்பு கொடுத்தவர், மணல் அள்ளுவதை எதிர்த்துப் பேசிய கிராமத்தார், ரோந்து போகும் காவலர் ஆகியோரின் பெயரும் முகமும் வெளியாகலாமா என்பதை அவர்களிடமே கேளுங்கள். மேலதிகாரி சொன்ன சம்மதம் அவர்களுடைய சம்மதம் ஆகாது.

3. களத்தில் இருப்பவரிடம் பேசி உண்மையை வாங்குதல்

அறிக்கையைப் படித்து எழுதாதீர்கள். அதை எழுதியவரோடு பேசி எழுதுங்கள். "இதில் உங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது எது?" என்று கேளுங்கள். செய்தி பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கும், அறிக்கையின் முடிவுரையில் இருக்காது.

பிறகு, "இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் எப்படிப் புரிந்துகொள்வார்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் தப்பான தலைப்புகளை அப்படியே எழுதி வையுங்கள். ஐந்தாம் படியில் தேவைப்படும்.

காரணங்களைக் கண்ணி கண்ணியாக வாங்குங்கள். தெற்காசியாவில் பாறு கழுகுகள் ஏன் அழிந்தன என்பதற்கு 2004இல் வந்த விடை இதற்கு நல்ல முன்மாதிரி. மாட்டுக்கு வலி குறைக்க டைக்ளோஃபெனாக் மருந்து கொடுக்கிறார்கள். மாடு இறந்ததும் பாறுகள் அதைத் தின்கின்றன. இறைச்சியில் தங்கிய மருந்து அவற்றின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. மூன்றே வாக்கியம், படிப்பவர் யாருக்கும் புரியும். 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவதைத் தடை செய்தன. உங்கள் ஆய்வாளர் "வாழிடச் சீரழிவு" என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் விடாதீர்கள். என்ன நடந்தது, யார் செய்தார்கள், விலங்கின் உடம்பில் அல்லது இரையில் என்ன மாறியது என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

4. எண்களைச் சரிபார்த்தல்

பாதுகாப்புச் செய்திகளில் திருத்தம் போட நேர்வது பெரும்பாலும் எண்களால்தான். மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, மதிப்பீட்டை எண்ணிக்கையாகச் சொல்வது. கேமராவில் பதிவான தனித்தனி விலங்குகள் எத்தனை, அதை வைத்துக் கணக்கிட்ட மொத்தம் எத்தனை என்பவை வேறு வேறு. மொத்தத்தைச் சொன்னால் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எல்லைகளைப் போட்டால் யாரும் அச்சிட மாட்டார்கள்" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். போடாமல் விட்டால் அடுத்த கணக்கெடுப்பில் எண் சற்றுக் குறைந்ததும் "விலங்குகள் மாயம்" என்று தலைப்பு வரும்.

இரண்டு, சராசரிச் சரிவு. உலக இயற்கை நிதியத்தின் 2024 அறிக்கை, 1970 முதல் 2020 வரை கண்காணிக்கப்பட்ட விலங்குக் கூட்டங்களின் அளவில் சராசரியாக 73 சதவீதச் சரிவு என்றது. இதை "உலகின் 73 சதவீத விலங்குகள் அழிந்துவிட்டன" என்று எழுதினால் தவறு. ஒரு கூட்டம் 100இலிருந்து 10 ஆகக் குறைகிறது, இன்னொரு கூட்டம் 1,000ஆகவே இருக்கிறது என்று வையுங்கள். மொத்த எண்ணிக்கையில் ஏற்பட்ட குறைவு 100க்கு சுமார் 8தான். ஆனால் இரண்டு கூட்டங்களின் சராசரிச் சரிவோ, கணக்கிடும் முறையைப் பொறுத்து, பாதியை நெருங்கும் அல்லது தாண்டும். இப்படிப்பட்ட எண்ணை அனுப்பும்போது இதுபோன்ற ஒரு சிறு கணக்கையும் சேர்த்தே அனுப்புங்கள்.

மூன்று, சிவப்புப் பட்டியல் வகைகள், அதாவது ஓர் இனம் அழியும் ஆபத்து எவ்வளவு என்று தரம் பிரிக்கும் வகைகள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் மிக அருகிய இனம், அருகிய இனம், அழிவாய்ப்பு இனம் மூன்றும் தனித்தனி அளவுகோல் உள்ளவை. மூன்றையும் "அழிவின் விளிம்பில்" என்று ஒரே வாயால் சொல்லக் கூடாது. 2016இல் பெரிய பாண்டா அருகிய இனத்திலிருந்து அழிவாய்ப்பு இனத்துக்கு மாறியது. நிலைமை முன்னேறியது என்று பொருள், ஆபத்து தீர்ந்துவிட்டது என்று பொருள் அல்ல. உங்கள் விலங்குக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்று "நன்கொடை குறைந்துவிடும்" என்ற பயத்தில் முன்னேற்றத்தை மறைக்கச் சொல்லி உள்ளிருந்தே அழுத்தம் வரலாம். வளைந்து கொடுக்காதீர்கள். முன்னேற்றத்தை நீங்களே முதலில் சொல்லி, இன்னும் மீதமுள்ள ஆபத்தையும் சொன்னால்தான் அடுத்த முறை நீங்கள் அபாயம் என்று சொல்லும்போது நிருபர் நம்புவார்.

5. செய்திக்குறிப்பு எழுதுதல்

இப்போதுதான் எழுதும் வேலை. வழக்கமாக வரும் முதல் பத்தி இப்படி இருக்கும்: "எங்கள் அமைப்பின் அயராத உழைப்பின் பயனாக, ஒருங்கிணைந்த ஈரநில மேலாண்மைத் திட்டத்தின் கீழ், நீர்ப்பறவைகளின் எண்ணிக்கையில் நேர்மறையான போக்கு காணப்படுவதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

அதையே இப்படி எழுதலாம்: "நான்கு ஆண்டுகளாக வறண்டு கிடந்த ஏரியில் நாரைகள் மீண்டும் கூடு கட்டியுள்ளன. அடைபட்டிருந்த வரத்து வாய்க்காலை விவசாயிகள் தூர்வாரியதால் தண்ணீர் வந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்." என்ன நடந்தது, ஏன் நடந்தது, யார் செய்தார்கள் என்பது இரண்டு வாக்கியத்தில் வந்துவிட்டது. அமைப்பின் பெயர் இரண்டாம் பத்தியில் வரட்டும். விவசாயிகளின் பங்கை முதலில் சொல்வது மரியாதைக்காக மட்டுமல்ல. செய்தி வந்த மறுநாள் அந்த ஊருக்குப் போகப்போவது உங்கள் களப்பணியாளர்தான்.

தலைப்பை நிருபர் வைப்பதில்லை, செய்தி மேசையில் இருப்பவர் வைக்கிறார். அவர் படிப்பது பெரும்பாலும் முதல் இரண்டு பத்திகளை. எனவே மூன்றாம் படியில் எழுதி வைத்த தப்பான தலைப்புகளை எடுத்து, அவற்றுக்கு இடம் தரும் சொற்கள் அந்த இரண்டு பத்திகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மாற்றி எழுதுங்கள்.

மேற்கோள், வாயால் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் வெட்டுங்கள். யார் பெயரில் போகிறதோ அவர் அதைப் பார்த்துச் சரி சொல்லாமல் அனுப்பவே கூடாது. கீழே கொடுக்கும் தொலைபேசி எண், பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரம் வரை எடுக்கப்படும் எண்ணாக இருக்கட்டும்.

6. படங்கள்

கைபேசியில் எடுத்த படத்தின் கோப்புக்குள் எடுத்த இடத்தைத் துல்லியமாகக் காட்டும் எண்கள் (ஆயத்தொலைவுகள்) பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் நீங்கிவிடும். ஆனால் தரம் குறையக் கூடாது என்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். பத்திரிகைகள் கேட்பது இரண்டாவது வகையைத்தான். அதனால் அனுப்பும் முன் அந்தத் தகவலை நீக்குவதை ஒரு தனி வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தானியங்கி கேமராப் படத்தின் அடியில் தேதி, நேரம், சில சமயம் கேமராவின் பெயரும் ஒரு பட்டையாக வரும். அந்தப் பெயர் ஓடையின் பெயராகவோ வனச் சரகத்தின் பெயராகவோ இருந்தால் பட்டையை வெட்டுங்கள். கோப்பின் பெயரிலும் இடம் ஒளிந்திருக்கும். பின்னணியில் தெரியும் மலை முகடு, கோயில் கோபுரம், மைல்கல் ஆகியவற்றையும் பாருங்கள்.

ஆள் கையில் காட்டு விலங்கு இருக்கும் படத்தைத் தவிர்த்துவிடுங்கள். மனிதர் பக்கத்தில் நிற்கும் சிம்பன்சியின் படத்தைப் பார்த்தவர்கள், அதைச் செல்லப்பிராணியாக வளர்க்கலாம் என்று கூடுதலாக நினைத்ததை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மீட்புக் குழுவின் அன்பைக் காட்டத்தான் அந்தப் படத்தை அனுப்ப நினைப்பீர்கள். விளக்கக் குறிப்பு கழன்று படம் மட்டும் சுற்றத் தொடங்கினால் பார்ப்பவருக்குத் தெரிவது, கட்டிப்பிடிக்க ஏற்ற ஒரு குட்டி.

7. யாருக்கு, எப்போது

ஒரே மின்னஞ்சலை இருநூறு பேருக்கு அனுப்புவதைவிட, இந்தத் துறையை எழுதும் பத்துப் பேருக்குத் தனித்தனியாக இரண்டு வரி எழுதி அனுப்புவது பலன் தரும். விவசாயம், சுகாதாரம், உள்ளூர் நிர்வாகம் எழுதுபவர்களையும் பட்டியலில் சேருங்கள். மருந்தால் பாறு சாவது கால்நடைச் செய்தியும்தான்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளன்று எல்லா அமைப்புகளும் அனுப்பும். அன்று உங்கள் குறிப்பு குவியலில் புதைந்துபோகும். பிப்ரவரி 2 ஈரநில நாள், மார்ச் 3 காட்டுயிர் நாள், ஜூலை 29 புலிகள் நாள் ஆகியவற்றுக்குச் சிறப்புப் பக்கம் போடும் இதழ்களுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே பேசிவிடுங்கள். மற்றபடி வலசை தொடங்கும் வாரமும் கூடு கட்டும் பருவமும்தான் உங்கள் நாட்காட்டி.

குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்றால், அந்த நிபந்தனைக்கு நிருபர் சரி சொன்ன பிறகே விவரத்தை அனுப்புங்கள். அனுப்பிவிட்டு மேலே "எம்பார்கோ" என்று எழுதி வைத்தால் அவர் கட்டுப்பட வேண்டியதில்லை. தேதியோடு நேரத்தையும், வெளிநாட்டு ஊடகம் என்றால் எந்த நாட்டு நேரம் என்பதையும் எழுதுங்கள்.

அனுப்பிய பிறகு பேட்டி தருபவர் அந்த நாள் முழுக்கத் தொலைபேசியின் பக்கத்தில் இருக்க வேண்டும். விமானத்தில் ஏறும் நாளில் குறிப்பை வெளியிடுவது அடிக்கடி நடக்கிற பிழை.

8. நிருபரைக் களத்துக்கு அழைத்துப் போகும்போது

விதிகளை வண்டி ஏறும் முன் சொல்லுங்கள். இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் தகராறாகும். கடலாமைக் குஞ்சுகளைக் கடலுக்கு விடும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையை நோக்கி ஊர்ந்து கடலை அடைபவை. கேமரா விளக்கைப் போட்டால் திசை மாறிக் கரைப்பக்கம் திரும்பிவிடும். ஆகவே விளக்கு கிடையாது, ஃபிளாஷ் கிடையாது, குஞ்சை விருந்தினர் கையில் வைத்துப் படமெடுப்பதும் கிடையாது என்று முதல் நாளே எழுதி அனுப்ப வேண்டும். அமைப்பே தக்க முறையில் முன்பு எடுத்த காட்சியைத் தயாராக வைத்திருந்தால் தொலைக்காட்சிக்காரர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது.

டிரோன் வேண்டும் என்பார்கள். கூடு கட்டும் பருவத்தில் நேராக மறுத்துவிடுங்கள்.

9. மனிதர் இறந்த நாள்

யானையோ சிறுத்தையோ ஒருவரைக் கொன்ற செய்தி வந்ததும் தொலைபேசி ஓயாது. இந்த நாளுக்கான வரிசையை அமைதியான நாளில் எழுதி, பேசுபவர்கள் எல்லாரிடமும் கொடுத்து வையுங்கள்.

முதலில் களத்திலிருந்து உறுதி செய்யுங்கள். எந்த விலங்கு என்பதே முதல் சில மணி நேரம் தெரியாமல் இருக்கும். தெரியவில்லை என்றால் "வனத்துறை விசாரிக்கிறது, உறுதியானதும் சொல்கிறோம்" என்பது முழுமையான பதில். ஊகம் எதையும் சேர்க்காதீர்கள்.

பேசும் முதல் வாக்கியம் இறந்தவரைப் பற்றியதாக இருக்க வேண்டும். "விலங்கின் வழித்தடத்தை ஆக்கிரமித்ததால்தான்" என்று தொடங்கினால், வீட்டில் சடலம் கிடக்கும்போது இறந்தவர்மேல் பழி போட்டதாகத்தான் குடும்பத்துக்குக் கேட்கும். ஊரும் அதை மறக்காது. காரணத்தை விளக்கப் பிறகு நேரம் கிடைக்கும். புதியவர்கள் விலங்கைக் காப்பாற்றும் தவிப்பில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். விலங்கைச் சுட வேண்டும் என்ற குரல் அதனால் கூடத்தான் செய்யும்.

அடுத்து, மக்களுக்கு உடனே பயன்படும் தகவல்: எந்த நேரத்தில் தனியாகப் போகக் கூடாது, விலங்கைக் கண்டால் யாரை அழைப்பது, இழப்பீட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது. உள்ளூர் வானொலியும் நாளிதழும் இதை மறுக்காமல் வெளியிடும், ஏனென்றால் அவர்களுடைய வாசகருக்கே அது தேவை.

"ஆட்கொல்லி" என்று நீங்கள் சொல்லாதீர்கள். நிருபர் அந்தச் சொல்லைப் போட்டுக் கேள்வி கேட்டால், திரும்பச் சொல்லாமல் "அந்தச் சிறுத்தை" என்று பதில் சொல்லுங்கள். ஒரே விலங்குதானா, தற்செயலான மோதலா என்று தெரியும் முன் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டால் அப்பகுதியில் உள்ள எல்லாச் சிறுத்தைகளுக்கும் அது ஆபத்து.

அன்று திட்டமிட்டிருந்த எல்லாப் பதிவுகளையும் நிறுத்துங்கள். முக்கியமாக, முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த சமூக ஊடகப் பதிவுகள். துக்க நாளின் மாலையில் "எங்கள் அழகிய சிறுத்தைக்கு உதவுங்கள்" என்று நன்கொடை வேண்டுகோள் தானாகவே வெளியானால் அதைத் துடைக்க முடியாது.

10. செய்தி தவறாக வந்துவிட்டால்

முதலில் தவறு எது, பிடிக்காதது எது என்று பிரியுங்கள். எண் தவறு, இனம் தவறு, சொல்லாததைச் சொன்னதாக வந்தது, மறைக்கச் சொன்ன இடம் வெளியானது ஆகியவை திருத்தம் கேட்க வேண்டியவை. உங்கள் அமைப்பின் பெயர் கடைசிப் பத்தியில் வந்தது திருத்தம் கேட்க வேண்டியதல்ல.

எழுதிய நிருபரையே முதலில் அழையுங்கள். ஆசிரியருக்கு நேராகப் புகார் போனால் அந்த நிருபரை அடுத்த முறை இழந்துவிடுவீர்கள். எந்த வரி, சரியான தகவல் என்ன, ஆதாரம் எது என்று மூன்றே வரியில் எழுதி அனுப்புங்கள். இணையப் பதிப்பில் நிமிடங்களில் மாற்றிவிடலாம். இடம் வெளியான செய்தி என்றால் அழைப்பதோடு நிற்காமல் களக் குழுவுக்கும் வனத்துறைக்கும் உடனே சொல்லுங்கள். திருத்தம் வரும் முன்பே ஆட்கள் கிளம்பிவிடக்கூடும்.

11. குறித்து வைத்தல்

வந்த செய்திகளின் எண்ணிக்கையை மட்டும் மாத அறிக்கையில் போடாதீர்கள். எந்த நிருபர் என்ன கேள்வி கேட்டார், எந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை, எந்த வாக்கியம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று எழுதி வையுங்கள். பதில் இல்லாத கேள்விகளை ஆய்வாளரிடம் கொண்டு போய் உண்மைத் தாளைப் புதுப்பியுங்கள். அச்சில் வந்த செய்தியின் படியை, அதில் பேசிய விவசாயிக்கும் காவலருக்கும் களப்பணியாளர் வழியாக அனுப்பிவிடுங்கள். அடுத்த பருவத்தில் அதே ஊருக்கு இன்னொரு நிருபரை அழைத்துப் போக வேண்டியிருக்கும்.